விமான தூரம் காட்டுற தளங்கள்: கிலோமீட்டர நம்பலாம், மணி நேரத்த நம்பாதீங்க

ரெண்டு ஊர் பேர போட்டா நடுவுல எவ்ளோ தூரம், ஃப்ளைட்ல போக எத்தனை மணி நேரம்னு சொல்ற வெப்சைட்ஸ் இருக்குல்ல, அதுல ஒண்ண நான் ரெண்டு மூணு வருஷமா யூஸ் பண்ணிட்டு இருக்கேன். போன மார்ச்ல அத நம்பி ஒரு அக்காகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அந்தக் கடுப்புல ஒரு ராத்திரி உக்காந்து அதே மாதிரி அஞ்சாறு தளத்த வரிசையா திறந்து வெச்சு ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்தேன். பேர் சொல்லல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, கலர் வேற பட்டன் வேற, உள்ள ஓடுற கணக்கு முக்காவாசி ஒண்ணுதான்.

மார்க் முதல்லயே போட்டுடறேன். தூரத்துக்கு அஞ்சுக்கு நாலரை. நேரத்துக்கு ஒண்ணரை, அதுவும் பாவம் பாத்து.

மார்ச்ல என்ன ஆச்சுன்னா, ஃப்ரெண்டு ஒருத்தன் லண்டன்லேர்ந்து நியூயார்க் போறான், அங்க அவன் அக்கா கூட்டிட்டுப் போக வரணும். டிக்கெட் காப்பி யார்கிட்டயும் இல்ல, அவன் சீட்ல உக்காந்துட்டு "கதவ சாத்திட்டாங்க"ன்னு காலைல 11 மணிக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு ஃபோன ஆஃப் பண்ணிட்டான். அக்கா எனக்கு போன் பண்ணி "நீதான் இதெல்லாம் பாப்பியே, எத்தன மணிக்கு வருவான்னு சொல்லுப்பா"ன்னாங்க. நானும் பெரிய இவன் மாதிரி தளத்த திறந்தேன், 5,570 கி.மீ, 7 மணி 25 நிமிஷம், நேர வித்தியாசம் 5 மணி நேரம்னு காட்டுச்சு. 11 கூட 7.25 கூட்டி 5 கழிச்சா மதியம் 1.25. "ஒண்ணரைக்கெல்லாம் இறங்கிடுவான்க்கா"ன்னு சொல்லிட்டு நிம்மதியா வேற வேலைய பாக்கப் போயிட்டேன்.

அவன் வெளிய வந்தப்போ மணி நாலு. அக்கா கார் பார்க்கிங்ல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்துட்டு எனக்கு போன் போட்டு "ஏம்பா, தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னு ஒரே ஒரு வரிதான் சொன்னாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

சரி, முதல்ல நல்லத சொல்லிடறேன். தூரம் விஷயத்துல இந்த தளங்கள் கில்லிதான், சும்மா சொல்லக்கூடாது. ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகைய எடுத்து, பூமி உருண்டை மேல ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற குறுக்கு வழிய கணக்கு போடுது, கிரேட் சர்க்கிள்னு சொல்வாங்க, தமிழ்ல பெருவட்டம். மேப்ல பாத்தா வளைஞ்சு வளைஞ்சு போகும், நிறைய பேர் "என்னய்யா இது தலையச் சுத்தி மூக்கத் தொடுறான்"னு கமென்ட் போடுறாங்க. நியூயார்க்லேர்ந்து டோக்கியோவுக்கு கோடு பாருங்க, மேப்ல ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல, அதாவது பக்கத்து பக்கத்து அட்சரேகைல இருக்கு, ஒண்ணு 40 டிகிரிக்கு கொஞ்சம் மேல, இன்னொண்ணு 35க்கு கொஞ்சம் மேல, ஆனா கோடு மட்டும் அலாஸ்கா வரைக்கும் ஏறி இறங்குது.

எனக்கும் அது உறுத்திட்டே இருந்துச்சு, வீட்ல பசங்க படிக்கிற குளோப் ஒண்ணு கெடந்தது, 30 சென்டிமீட்டர் விட்டம். ஒரு தையல் நூல எடுத்து ஒரு நுனிய நியூயார்க் மேல கட்டவெரலால அமுக்கி, இன்னொரு நுனிய டோக்கியோல வெச்சு, நடுவுல நூல பசிபிக் கடல் வழியா நேரா படிய விட்டேன். அப்புறம் மெதுவா இழுத்து டைட் பண்ணேன் பாருங்க, நூல் தானா வழுக்கிட்டு மேல ஏறி கனடா தாண்டி அலாஸ்காவுக்குப் போயி நின்னுச்சு, கையில ரெண்டு மூணு விரக்கடை நூல் மிச்சம். அளந்தா 25 அரை சென்டிமீட்டர். குளோப்ல ஒரு சென்டிமீட்டர்னா சுமார் 425 கி.மீ, பெருக்கினா 10,800 சொச்சம். தளம் காட்டுன தூரம் 10,850 பக்கம். நேர் மேற்கா அதே உயரத்துலயே போயிருந்தா கிட்டத்தட்ட 2,000 கி.மீ கூட ஆயிருக்கும். தையல் நூலுக்கு இருக்கிற புத்தி தட்டையான மேப்புக்கு இல்லன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

அரை மார்க் ஏன் கொறச்சேன்னா, ஒரே கேள்விக்கு தளத்துக்கு தளம் பதில் கொஞ்சம் மாறுது, ஏன் மாறுதுன்னு எவனும் எழுதி வெக்கல. லண்டன் நியூயார்க்கே எடுத்துக்கோங்க, ஒண்ணு 5,570ங்குது, ஒண்ணு 5,540ங்குது, இன்னொண்ணு 5,555ங்குது. மூணும் சரிதான்! முதல் தளம் ஊருக்கு நடுவுலேர்ந்து ஊருக்கு நடுவுக்கு அளக்குது, ரெண்டாவது ஹீத்ரோலேர்ந்து ஜேஎஃப்கேவுக்கு, மூணாவதும் அதே ரெண்டு ஏர்போர்ட்தான், ஆனா பூமிய முழு உருண்டையா எடுத்துக்காம துருவத்துல லேசா தட்டையா இருக்கிறதையும் சேத்து கணக்கு போடுது. நடுக்கோட்டுல பூமியோட ஆரம் 6,378 கி.மீ, துருவத்துல 6,357, பெரும்பாலான தளங்கள் சராசரியா 6,371னு ஒரே நம்பர வெச்சு ஓட்டிடுறாங்க. அதிகபட்சம் அரை சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், நம்ம மாதிரி ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா ஐரோப்பாவுல ஃப்ளைட் லேட்டானா குடுக்கிற நஷ்டஈடு 1,500, 3,500 கி.மீன்னு எல்லை போட்டு இந்த பெருவட்ட தூரத்த வெச்சுதான் முடிவாகுது, அந்த எல்லைக்கு பக்கத்துல இருக்கிற ஊர்னா நடு ஊர் அளவ எடுக்காம ஏர்போர்ட் அளவ எடுத்துப் பாருங்க.

ஊர் பேர் போடும்போதும் கவனம். சிட்னின்னு அடிச்சேன், முதல்ல வந்தத தட்டிட்டேன், தூரம் ரொம்ப கம்மியா இருக்கேன்னு பாத்தா அது கனடாவுல இருக்கிற சிட்னி. அந்த ஊருக்கு டிக்கெட்டே போட்டு போயி இறங்கி முழிச்சவங்க நிஜமாவே இருக்காங்க, நான் மேப்போட தப்பிச்சேன். லண்டனும் கனடாவுல ஒண்ணு இருக்கு, சான் ஹோசே கலிஃபோர்னியாவுல ஒண்ணு கோஸ்டாரிக்காவுல ஒண்ணு. மூணெழுத்து ஏர்போர்ட் கோடு போட விடுற தளமா பாத்து எடுங்க, இந்த தலைவலி இருக்காது. இன்னொண்ணு, டோக்கியோன்னா ஹனேடா ஏர்போர்ட்டா நரிட்டா ஏர்போர்ட்டான்னு கேக்குற தளம் ரொம்ப கம்மி, ஹனேடா ஊரோட ஒட்டி இருக்கு, நரிட்டாவோ நடு ஊர்லேர்ந்து சுமார் 60 கி.மீ தள்ளி. பறக்கிற தூரத்துல அது ஒண்ணுமில்ல, இறங்கினப்புறம் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தெரியும்.

இப்ப நேரத்துக்கு வரேன். இங்கதான் எனக்கு கோபமே.

இந்த 7 மணி 25 நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு வேல பண்ணேன். ஒரு 10 ஜோடி ஊர் போட்டு தூரத்தையும் நேரத்தையும் எழுதி வெச்சுக்கிட்டு, ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் உள்ள தூர வித்தியாசத்த நேர வித்தியாசத்தால வகுத்தேன். எல்லா ஜோடிக்கும் மணிக்கு 805 கி.மீன்னே வருது, அதாவது மணிக்கு 500 மைல், மிச்சம் சரியா 30 நிமிஷம். அவ்ளோதான் சூத்திரம்! தூரத்த 805ஆல வகு, ஏறி இறங்குறதுக்கு அரை மணி நேரம் சேரு, முடிஞ்சுது கத. நான் ஏதோ உள்ள நிஜ ஃப்ளைட் டைம்டேபிள் ஓடுதுன்னு நெனச்சு ரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் ஜோசியம் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

உறுதி பண்ணிக்க ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற ஆர்க்னி தீவுகள போட்டேன். அங்க வெஸ்ட்ரேலேர்ந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 1967லேர்ந்து ஒரு குட்டி விமானம் ஓடுது, உலகத்துலயே ரொம்ப சின்ன ரெகுலர் ஃப்ளைட், தூரம் 2.7 கி.மீ, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இறங்கிடும், காத்து சாதகமா இருந்தப்போ 53 செகண்ட்ல போன ரெக்கார்டே இருக்கு. தளம் என்ன சொல்லுச்சு? 30 நிமிஷம்! அந்த நேரத்துல படகுலயே போயிடலாம் போல.

ரொம்ப பெரிய தூரத்துலயும் தளம் நேரத்த கூட்டித்தான் சொல்லுது. சிங்கப்பூர் நியூயார்க் 15,349 கி.மீ, சூத்திரப்படி 19 மணி 34 நிமிஷம், நிஜத்துல ஏர்லைன் டைம்டேபிள்ல 19 மணி நேரத்துக்கும் கீழதான் இருக்கும். ஏன்னா நீண்ட தூரம் போற பெரிய விமானமெல்லாம் மேல ஏறினப்புறம் மணிக்கு 900 பக்கமா போகும், 805 இல்ல. அதே சமயம் ரெக்கை முன்னாடி ஃபேன் சுத்துற சின்ன விமானம்னா மணிக்கு 500 சொச்சம்தான், 800 கி.மீக்கு தளம் ஒண்ணரை மணி நேரம்னு சொல்லும், நிஜத்துல ரெண்டு மணி நேரம் ஆயிடும். எந்த விமானம்னு ஒரு தளமும் கேக்குறதில்ல. நான் பாத்தவரைக்கும் ஜெட் விமானத்துல 1,000லேர்ந்து 3,000 கி.மீ வரைக்கும் ஓரளவு ஒத்துப்போகுது, அதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் குத்துமதிப்புதான்.

அடுத்தது காத்து. போறதுக்கும் 7.25, வர்றதுக்கும் 7.25னு காட்டுறான் பாருங்க, இத விட அபத்தம் கிடையாது. பூமியோட வட பாதில, ரொம்ப உசரத்துல மேற்குலேர்ந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஆறு மாதிரி ஓடிட்டே இருக்கும், நியூயார்க்லேர்ந்து லண்டன் வர்றப்போ அது முதுகுல தள்ளும், திரும்பிப் போறப்போ மூஞ்சில அடிக்கும். அதனால கிழக்க வர 7 மணி நேரம் பக்கம், மேற்க போக 8 மணி நேரம் பக்கம்னு டைம்டேபிள்லயே ஒரு மணி நேரம் வித்தியாசம் வெச்சிருப்பாங்க. 2020 பிப்ரவரில ஒரு புயல் நேரத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்லேர்ந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு, தரைய வெச்சு பாத்தா மணிக்கு 1,300 கி.மீக்கு மேல வேகம். அட்லாண்டிக் மேல பாதையே தினமும் காத்தப் பாத்து புதுசா போடுறாங்க, மேற்க போக ஒரு செட், கிழக்க வர ஒரு செட். பைலட் நேர் கோட்ட விட்டு நூறு கிலோமீட்டர் விலகிப்போயி நல்ல காத்த புடிச்சா சீக்கிரமே வந்துடலாம், தூரம் கூட ஆனாலும் நேரம் கம்மி. இது எதுவும் அந்த 805க்குத் தெரியாது.

(இடைல ஒண்ணு, "பூமி சுத்துறதால மேற்க போனா சீக்கிரம் போயிடலாம்ல"ன்னு ரெண்டு பேர் என்கிட்டயே கேட்டுட்டாங்க. பூமி சுத்துறப்போ காத்தும் கூடவே சுத்துதுங்க, விமானம் அந்த காத்துக்குள்ள பறக்குது. ஓடுற ட்ரெயின் பெட்டிக்குள்ள ஈ பறக்குற மாதிரி, ஈ பின்னாடி போயி ஒட்டிக்கிறதில்ல.)

வானத்துலயும் ரோடு அடைப்பு உண்டு, அதுவும் தளத்துக்குத் தெரியாது. ஹெல்சிங்கி டோக்கியோ போட்டுப் பாருங்க, 7,850 கி.மீ பக்கம், சுமார் 10 மணி 15 நிமிஷம்னு காட்டும். 2022 பிப்ரவரிக்கு முன்னாடி அது ஓரளவு சரியா இருந்துச்சு, ரஷ்யா மேல நேரா பறந்து ஒன்பதரை மணி நேரத்துல போயிடுவாங்க, ஃபின்லாந்து விமானங்களுக்கு ரஷ்யா வான்வெளி மூடினப்புறம் சுத்தி வளைச்சு, சில ஃப்ளைட் வட துருவத்துக்கு மேலயே போயி, 13 மணி நேரம் பக்கம் ஆகுது. மேப்ல கோடு மட்டும் இன்னும் ரஷ்யா மேல ஜம்முனு போகுது. திபெத் பீடபூமி மேலயும் அப்படித்தான், அவசரத்துக்கு கீழ இறங்கவும் வழியில்ல, பக்கத்துல ஏர்போர்ட்டும் கம்மிங்கறதால நிறைய விமானம் அத சுத்திதான் போகும். ஐநாவோட விமான அமைப்பு ஐசிஏஓவே கார்பன் கணக்கு போடும்போது நேர்கோட்டு தூரத்த அப்படியே எடுக்குறதில்ல, 550 கி.மீக்குள்ளன்னா 50, 5,500 வரைக்கும் 100, அதுக்கு மேலன்னா 125 கி.மீ கூட்டிக்கிது. இந்த தளங்கள்ல எத்தன பேர் அத செய்யறாங்கன்னு பாத்தேன், நான் திறந்த அஞ்சாறுல ஒண்ணு கூட இல்ல.

அப்புறம் நேரடி ஃப்ளைட்டே இல்லாத ஊருக்கும் கூசாம நேரம் சொல்லும். மாட்ரிட் வெலிங்டன் போட்டேன், பூமிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ஊருங்க, 19,850 கி.மீக்கு 25 மணி 10 நிமிஷம்னுது. அவ்ளோ தூரம் நிக்காம போற பயணிகள் சர்வீஸ் உலகத்துல எங்கயும் கிடையாது. ரெண்டு எடத்துல மாறி, நடுவுல ஏர்போர்ட் நாற்காலில தூங்கி எழுந்துதான் போகணும். "நேரடி சேவை இல்லை"ன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சுடும்?

இப்ப அக்கா விஷயத்துல கடைசி குத்து எதுன்னு சொல்லணும், கடிகாரம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வருஷம் பூரா 5 மணி நேரம்னுதான் எல்லாரும் நெனச்சிருப்போம். அமெரிக்காக்காரன் மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழம கடிகாரத்த முன்னாடி தள்ளிடறான், பிரிட்டன்காரன் கடைசி ஞாயித்துக்கிழமதான் தள்றான், நடுவுல ரெண்டு மூணு வாரம் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசிலயும் ஒரு வாரம் இதே கூத்து. அந்த தளத்துல 5னு நிரந்தரமா எழுதி வெச்சிருக்கான். ஆக, கடிகாரத்துல ஒரு மணி நேரம் போச்சு, எதிர்க்காத்துல முக்கா மணி நேரம் பக்கம் போச்சு, கதவ சாத்தினப்புறம் ரன்வேல வரிசைல நின்னது, இறங்கினப்புறம் இமிகிரேஷன் க்யூ, பெட்டி வர்ற வரைக்கும் நின்னது, எல்லாம் சேந்து ரெண்டரை மணி நேரம். பசிபிக் நடுவுல தேதிக்கோடு தாண்டுற ஊருன்னா இன்னும் மோசம். டோக்கியோல ராத்திரி கெளம்பினா ஹொனோலுலுல அதே தேதி காலைல இறங்குவீங்க, கெளம்புறதுக்கு முன்னாடியே வந்து சேந்த மாதிரி இருக்கும், ஒரு தளம் அத மறுநாள்னு காட்டுச்சு.

பக்கத்தோட லட்சணத்தையும் சொல்லணும். விடை ஒரு வரி, அத சுத்தி விளம்பரம் எட்டு. மொபைல்ல பெருசா பச்ச கலர்ல ஒரு பட்டன், கணக்கு போடுற பட்டன்னு நெனச்சு தட்டினா வேற எங்கயோ போயி விழுறோம். கீழ ஸ்க்ரோல் பண்ணா "ஏ ஊருக்கும் பி ஊருக்கும் தூரம் என்ன", "பி ஊருக்கும் ஏ ஊருக்கும் தூரம் என்ன"ன்னு ஒரே பதில ஏழு தடவ கேள்வி பதிலா எழுதி வெச்சிருக்கான். மைல், கடல் மைல், கிலோமீட்டர் மூணும் காட்டுறது மட்டும் நல்லா இருக்கு, ஆனா எது எதுன்னு பாத்து எடுங்க, கடல் மைல் 1.852 கி.மீ, சாதா மைல் 1.609, மாத்தி எடுத்தா நிறையவே உதைக்கும்.

நான் இப்ப எப்படி யூஸ் பண்றேன்னா, எந்த ஊர் கிட்ட எது தூரம், ஏர்லைன் குடுக்கிற மைலேஜ் பாயின்ட் எவ்ளோ வரும், பசங்க ப்ராஜெக்ட் இதுக்கெல்லாம் இந்த தளம். எத்தன மணிக்கு இறங்கும்னா ஃப்ளைட் நம்பர் வாங்கி நேரலைல விமானம் நகர்றத காட்டுற ஆப்ல பாத்துடறேன், இன்னும் டிக்கெட் போடலன்னா ஏர்லைன் சைட்ல அதே வழிக்கு டைம்டேபிள் பாக்குறேன். அதுல போடுற நேரம் கேட்லேர்ந்து கேட் வரைக்கும், ரன்வேல ஊர்ந்து போறதையும் சேத்து, கொஞ்சம் லேட்டானாலும் தாங்குற மாதிரி இடம் விட்டுத்தான் போட்டிருப்பாங்க. நம்பர் குடுக்காதவனுக்கு நான் பதிலே சொல்றதில்ல.

அந்த ஃப்ரெண்டு அடுத்த மாசம் மறுபடி நியூயார்க் போறான். அக்கா இந்த தடவ என்கிட்ட கேக்கல, அவன்கிட்டயே ஃப்ளைட் நம்பர் வாங்கி வெச்சிட்டாங்களாம்.